‘ஷல்’: கடனிலிருந்து கட்டளைக்கு வந்த ஒரு சொல்

2015 டிசம்பர் 12. பாரிஸ் நகரை ஒட்டிய லெ பூர்ஜேயில் இரண்டு வாரமாக நடந்துவந்த காலநிலை மாநாட்டின் இறுதி வரைவு அன்று பிற்பகலில்தான் நாடுகளின் கைக்கு வந்தது. வரைவின் 4ஆம் பிரிவில் 4ஆம் பத்தியைப் படித்த அமெரிக்கச் சட்ட வல்லுநர்கள் திடுக்கிட்டார்கள். கரிம உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளை ஏற்பதில் வளர்ந்த நாடுகள் தொடர்ந்து முன்னிற்பது பற்றிய வாக்கியம் அது. அதில் ‘ஷுட்’ என்று இருக்கும் என அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் ‘ஷல்’ என்று இருந்தது. அதை மாற்றாவிட்டால் தம் நாடு ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தெரிவித்தார். நிறைவுக் கூட்டம் தள்ளிப்போனது. மணிக்கணக்கில் நடந்த திரைமறைவுப் பேச்சுக்குப் பிறகு, மாநாட்டுச் செயலக அதிகாரி ஒருவர் எழுந்து சில சிறு திருத்தங்களை வரிசையாகப் படித்தார். அந்த வரிசைக்குள் ‘ஷல்’ போய் ‘ஷுட்’ வந்தது. தலைவர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறியது.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ‘ஷல்’ என்று எழுதினால் அது நாட்டின் மீது விழும் சட்டக் கடப்பாடு. அப்படி ஒரு புதிய கடப்பாட்டை ஏற்க அமெரிக்க அதிபருக்குச் செனட்டின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். அன்றைய செனட்டில் அது கிடைத்திருக்காது. ‘ஷுட்’ என்று எழுதினால் அது அறிவுரை அளவில் நின்றுவிடும். உலகின் வெப்பநிலையைப் பற்றிய ஓர் ஒப்பந்தம் ஒற்றைத் துணைவினையில் சிக்கி நின்றது இப்படித்தான்.

இவ்வளவு வலிமை வாய்ந்த சொல்லுக்குத் தெளிவான ஒரு பொருள் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. ஆங்கிலச் சட்டமொழியில் இதைவிட அதிகமாகப் புழங்கும் சொற்கள் சில உண்டு. இதைவிட அதிகமாக வழக்காடப்பட்ட சொற்கள் மிகக் குறைவு. கட்டளை, வாக்குறுதி, எதிர்காலம், வரையறை, அறிவுரை, சில சமயம் வெறும் அனுமதி என்று எல்லா வேடமும் இது போட்டிருக்கிறது. அகராதியைப் பிரித்தால் இத்தனையும் வரிசையாகக் கிடைக்கும். ஆனால் நம் முன்னால் இருக்கும் ஆவணத்தில் அது எந்த வேடத்தில் நிற்கிறது என்பதை அகராதி சொல்லாது. அதன் வலிமை அதற்குள்ளே இல்லை, அதைச் சுற்றியுள்ள சொற்களில்தான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் காட்ட விரும்புவது.

வேரிலிருந்து தொடங்கலாம். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஷியல்’ என்பது போல ஒலித்தது. கடன்பட்டிருத்தல், செலுத்த வேண்டியிருத்தல் என்பதே அதன் முதற்பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஷுல்ட்’ என்றால் கடன், குற்றம் இரண்டுமே. அது இந்தச் சொல்லின் நெருங்கிய உறவு. தமிழ் வாசகருக்கு இது விளங்கக் கடினமில்லை. நம்மிடமும் ‘கடன்’ என்னும் சொல் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் குறிக்கும், செய்தே தீர வேண்டிய பொறுப்பையும் குறிக்கும். ‘கடமை’யும் ‘கடப்பாடு’ம் அதனோடு ஒட்டிப் பிறந்தவை. புறநானூற்றுத் தாய் மகனைப் பெற்று வளர்ப்பதைத் தன் கடன் என்று சொன்னபோது எந்தப் பணத்தையும் நினைக்கவில்லை. ஒருவர்மேல் நிற்கும் பாக்கி, அவர் செய்ய வேண்டிய செயலாக மாறுவது இரு மொழிகளிலும் ஒரே வழியில் நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் அது அங்கே நிற்கவில்லை. கொடுக்க வேண்டியது என்றாவது கொடுக்கப்படும் அல்லவா? கடமை மெல்ல எதிர்காலக் குறிப்பாக நகர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்லிஃபும் அவரைச் சார்ந்தோரும் இலத்தீன் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, இலத்தீனின் எதிர்கால வினைகளுக்கு நேராகப் பெரும்பாலும் ‘ஷல்’லையே வைத்தார்கள். விருப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் வினைக்கு நேராக ‘வில்’ வந்தது. கட்டளைகளும் தீர்க்கதரிசனங்களும் ஒரே துணைவினையில் அமைந்த ஒரு நூல் நூற்றாண்டுக்கணக்கில் தேவாலயங்களில் ஓதப்பட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன ஓசை சேரும்! ‘கொலை செய்யாதே’ என்பதிலும் ‘அவர் வருவார்’ என்பதிலும் அதே சொல். கட்டளையும் முன்னறிவிப்பும் பிரிக்க முடியாமல் கலந்த அந்தக் கனமான தொனியை இந்தச் சொல் இன்றுவரை இழக்கவில்லை.

பிறகு இலக்கண ஆசிரியர்கள் வந்தார்கள். முடிவிலியைக் குறிக்கும் கணிதக் குறியை அறிமுகப்படுத்திய அதே ஜான் வாலிஸ், 1653இல் பிறநாட்டார் ஆங்கிலம் கற்பதற்காக இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். தன்மையில் ‘ஷல்’ வந்தால் அது வெறும் எதிர்காலம், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல். ‘வில்’ இதற்கு நேர்மாறு என்பது அவர் வகுத்த விதி. பின்வந்த நூலாசிரியர்கள் இதைப் பெருக்கிப் பெருக்கிப் பள்ளிப் பாடமாக்கினார்கள். ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் எழுதிய நூலில் இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் இருபது பக்கத்துக்கு மேல் ஒதுக்கினார்கள். நம் ஊரில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததும் இந்த விதியைத்தான். ஆற்றில் விழுந்த ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு சொற்களையும் மாற்றிப் போட்டு உதவி கேட்டதால், சாக விரும்புகிறார் என்று கரையில் நின்றவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்றொரு கதையையும் ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்வார்கள்.

விதி அழகானது, வழக்கு அதற்கு அடங்கவில்லை. அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃப்ரைஸ் 1925இல், பல நூற்றாண்டு ஆங்கில நாடகங்களின் உரையாடல்களை எடுத்து எண்ணிப் பார்த்து, மக்கள் எந்தக் காலத்திலும் அந்த விதிப்படி பேசவில்லை என்று காட்டினார். 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் கடற்கரையிலும் வயலிலும் தெருவிலும் போரிடுவோம் என்று அடுக்கியபோதும், 1942 மார்ச்சில் பிலிப்பைன்ஸைவிட்டு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் திரும்பி வருவேன் என்று சூளுரைத்தபோதும் தன்மையில் வந்தது ‘ஷல்’. பாடநூலின்படி அது உறுதியற்ற வெறும் எதிர்காலம். கேட்டவர்களில் ஒருவருக்காவது அப்படித் தோன்றியிருக்குமா?

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் கேள்வியில்தான் உயிரோடிருக்கிறது. நாம் ‘வரட்டுமா?’, ‘போகலாமா?’ என்று கேட்கும் இடம் அது. மற்ற இடங்களையெல்லாம் ‘வில்’ எடுத்துக்கொண்டது. பேச்சிலிருந்து விலகிய சொல் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அரசுக் கடிதத்திலும் குடியேறி நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அன்றாடம் பயன்படுத்தாத சொல், அவர்களுடைய கடமைகளையும் உரிமைகளையும் எழுதும் சொல்லாக இருப்பது சாதாரணச் சிக்கல் அல்ல.

சட்ட வரைவாளர்களில் இந்தச் சிக்கலை முதலில் முறையாக ஆராய்ந்தவர் என்று ஜார்ஜ் கூடைச் சொல்லலாம். 1840களில் இங்கிலாந்தில் எழுதிய அவர், ஒரு மனிதர்மேல் கடமையைச் சுமத்தும் இடத்தில் மட்டும் இந்தச் சொல் வர வேண்டும் என்று வாதிட்டார். எளிய அறிவுரை, யாரும் பின்பற்றவில்லை. ‘இந்தச் சட்டம் இன்ன பெயரால் அழைக்கப்படும்’ என்பதற்கும் ‘ஷல்’, ‘இந்தச் சொல் இன்ன பொருளைக் குறிக்கும்’ என்பதற்கும் ‘ஷல்’. இங்கெல்லாம் யாருக்கு என்ன கடமை? ஒருவருக்கும் இல்லை. மேலங்கி போட்டால்தான் வழக்கறிஞர் என்பதுபோல, ‘ஷல்’ இருந்தால்தான் அது சட்ட வாக்கியம் என்ற பழக்கம் படிந்துவிட்டது.

பழக்கத்துக்கு விலை கொடுத்தது நீதிமன்றம். 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், சட்டம் எழுதுவோர் இந்தச் சொல்லை ‘ஷுட்’, ‘வில்’, ‘மே’ ஆகிய மூன்றின் பொருளிலும் சில சமயம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே குறித்தார். தென்னாப்பிரிக்கா 1993இன் இடைக்கால அரசமைப்பை ‘ஷல்’லோடு எழுதி, 1996இன் நிலையான அரசமைப்பை ‘மஸ்ட்’டுக்கு மாற்றியது. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வரைவாளர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளுக்கு நடந்தது இன்னும் பாடமானது. 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மறுவரைவில் எல்லா ‘ஷல்’களையும் ஒரேயடியாக நீக்கினார்கள். இடத்துக்கு ஏற்றபடி ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ என்று பிரித்துப் போட்டார்கள். 56ஆம் விதியில் மட்டும் சிக்கல் எழுந்தது. முழு விசாரணைக்குப் போகாமலே சுருக்கத் தீர்ப்பு வழங்குவது பற்றிய விதி அது. நீதிபதி வழங்கியே ஆக வேண்டுமா, மறுக்கவும் அவருக்கு இடமுண்டா? ‘ஷல்’ இருந்தவரை இந்தக் கேள்விக்குத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த விடைகள் சொல்லுக்கடியில் மறைந்திருந்தன. ‘ஷுட்’ என்று மாற்றியதும் நீதிபதிக்கு அதிகச் சுதந்திரம் கொடுத்ததுபோல் ஆயிற்று. ‘மஸ்ட்’ என்றால் சுதந்திரமே இல்லாமல் போகும். 2010இல் பழைய சொல்லையே திரும்பக் கொண்டுவந்தார்கள். தெளிவின்மையே அந்த இடத்தில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பது அதை நீக்கிய பிறகுதான் தெரிந்தது. இந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து முற்றாக விரட்ட வேண்டும் என்போர் இந்த மூன்று ஆண்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நம் அரசமைப்புச் சட்டம். அதில் இந்தச் சொல் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. 37ஆம் பிரிவைப் போல் அதன் இயல்பைக் காட்டும் இடம் வேறில்லை. வழிகாட்டு நெறிகளை எந்த நீதிமன்றமும் செயற்படுத்த இயலாது என்பதற்கு ஒரு ‘ஷல்’; ஆயினும் சட்டம் இயற்றும்போது அவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்பதற்கு இன்னொரு ‘ஷல்’. ஒரே வாக்கியம். முதலாவதை நீதிமன்றம் காக்கும். இரண்டாவதைக் காக்க நீதிமன்றம் இல்லை. 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கில், வழிகாட்டு நெறி அடிப்படை உரிமையை மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது சாய்ந்து நின்றது அந்த முதல் ‘ஷல்’மீதுதான். அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்த தீர்ப்புகளில் அது ஒன்று.

45ஆம் பிரிவின் கதை இதைவிட மனத்தைத் தொடுவது. பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது தொடக்கத்தில் அதன் பொருளாக இருந்தது. வரைவில் அது 36ஆம் பிரிவாக இருந்தபோது, ஒவ்வொரு குடிமகனும் இலவசத் தொடக்கக் கல்விக்கு உரிமை உடையவர் என்ற சொற்றொடரோடு தொடங்கியது. 1948 நவம்பர் 23 அன்று அரசமைப்பு அவையில் லட்சுமி காந்த மைத்ரா அந்தச் சொற்றொடரை நீக்கக் கோரினார். மற்ற வழிகாட்டு நெறிகளின் வடிவத்தோடு அது பொருந்தவில்லை என்பது அவர் வாதம், அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். எஞ்சியது, பத்து ஆண்டுகளுக்குள் கல்வி வழங்க அரசு ‘முயல வேண்டும்’ என்பது. ‘ஷல்’ அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்து வந்த வினை ‘வழங்குதல்’ அல்ல, ‘முயலுதல்’. முயன்றேன் என்று சொன்னால் கடமை தீர்ந்தது! அந்தப் பத்து ஆண்டு 1960இல் முடிந்தது. குழந்தைகள் பலர் பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள். 1993இன் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு கல்வியை வாழ்வுரிமையின் பகுதி என்றது. 2002இல் 86ஆம் திருத்தம் 21-அ பிரிவைச் சேர்த்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்கு அரசு கல்வி ‘வழங்க வேண்டும்’ என்று அது சொன்னது. ‘முயல’ என்ற ஒரு வினை இடையிலிருந்து விலக ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. திருத்தமும் அதையொட்டிய கல்வி உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. ‘ஷல்’லைப் படிக்கும்போது கண் அதில் நிற்காமல் அடுத்த வினைக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வினை தெளிவாக இருந்தாலும் போதாது. 320ஆம் பிரிவு, அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. சொல் ‘ஷல்’, வினையில் மழுப்பல் இல்லை. ஆனால் 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், கலந்தாலோசிக்காமல் போனதால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. கலந்தாலோசிக்காவிட்டால் என்ன விளைவு என்று பிரிவு சொல்லவில்லை. ஊழியருக்கு அது தனி உரிமை எதையும் தரவில்லை என்பவை காரணங்கள். 1960இல் பாபு ராம் உபாத்யாயா வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் அணுகுமுறையை இன்னும் தெளிவாக்கினார். இந்தச் சொல் வந்தால் முதல் நோக்கில் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் சட்டத்தின் நோக்கத்தையும், இப்படிப் படித்தால் என்ன ஆகும், அப்படிப் படித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த அணுகுமுறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சம்மன் கிடைத்த முப்பது நாளுக்குள், நீட்டித்தால் அதிகபட்சம் தொண்ணூறு நாளுக்குள், பிரதிவாதி எதிர்வாதுரை தாக்கல் செய்ய வேண்டும். 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில், இது வழிகாட்டும் விதிதான், தகுந்த காரணம் இருந்தால் தொண்ணூறு நாளுக்குப் பிறகும் ஏற்கலாம் என்று தீர்ப்பாயிற்று. 2015இன் வணிக நீதிமன்றச் சட்டம் வணிக வழக்குகளுக்கு 120 நாள் என்று வைத்தது. அதோடு நிற்காமல், கெடு கடந்தால் பிரதிவாதி அந்த உரிமையை இழப்பார், நீதிமன்றம் எதிர்வாதுரையை ஏற்கக் கூடாது என்றும் எழுதியது. 2019இல் எஸ்சிஜி காண்ட்ராக்ட்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இங்கே ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்றது. இரண்டிலும் ‘ஷல்’. மாறியது, மீறினால் என்ன ஆகும் என்ற ஒரு வரி இருந்ததும் இல்லாததும். எதிர்மறைச் சொல்லில் எழுதப்பட்ட தடை, நேர்மறைக் கட்டளையைவிட இறுக்கமானது என்பதும் இதில் அடக்கம்.

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான ‘ஷல்’ 200ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தருவதாகவோ, நிறுத்திவைப்பதாகவோ, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குவதாகவோ அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டும் என்பது உண்டு. எந்த நாளுக்குள் என்பது இல்லை. திருப்பி அனுப்பிய மசோதாவை அவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று எதிர்மறையிலும் ஒரு ‘ஷல்’ உண்டு. 2023 நவம்பரில் ஆளுநரிடமிருந்து திரும்பிய, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தொடர்பான பத்து மசோதாக்களைச் சட்டமன்றம் 18ஆம் தேதி மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இது சட்டவிரோதம் என்றது. மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. ஆளுநர்களுக்குக் காலக்கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில், நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரிவில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, ஒப்புதல் தரப்பட்டதாகக் கருதுவதும் கூடாது என்று கருத்துரைத்தது. காரணமின்றி நெடுங்காலம் செயலற்றிருந்தால் முடிவெடுக்கச் சொல்லும் அளவான அதிகாரம் மட்டும் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. காலம் குறிக்கப்படாத கட்டளை பாதிக் கட்டளை. 1949இல் எழுதாமல் விட்ட நாட்கணக்கின் பாரத்தை ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள் சுமந்தன என்பது என் துணிபு.

இதே சொல் குழப்பமில்லாமல் வேலை செய்யும் ஓர் உலகமும் உண்டு. பொறியியல் தர ஆவணங்களில் ‘ஷல்’ என்றால் நிறைவேற்றியே தீர வேண்டிய தேவை, ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் இயலும் தன்மை என்று பன்னாட்டுத் தர அமைப்பு முன்கூட்டியே வரையறுத்துவைத்திருக்கிறது. இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்கும் 1997இல் அப்படி ஒரு வரையறை வெளியானது. அங்கே ‘ஷல்’லும் ‘மஸ்ட்’டும் ஒன்றே. கான்கிரீட் பற்றிய இந்தியத் தரம் 456ஐக் கையில் வைத்திருக்கும் பொறியாளர் இந்தச் சொல்லைக் கண்டால் தயங்குவதில்லை. சொல் அதேதான், ஒரு சொல்லுக்கு ஒரு வேலை என்ற ஒழுங்கு முன்னதாகவே ஏற்கப்பட்டிருக்கிறது.

தமிழில் பெயர்ப்பவருக்கு இதில் தனிப் பொறுப்பு விழுகிறது. ஆங்கில வரைவாளர் ஒரே சொல்லை வைத்துக் கடந்துபோகலாம். தமிழில் ‘செய்தல் வேண்டும்’ என்பதா, ‘செய்யும்’ என்பதா, ‘எனப்படும்’, ‘பொருள்படும்’ என்பதா, ‘கூடாது’ என்பதா என்று ஒவ்வொரு இடத்திலும் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலம் திறந்துவிட்டுப் போன கேள்விக்குப் பெயர்ப்பாளர் விடை எழுதிவிடுகிறார். எல்லா இடத்திலும் ‘வேண்டும்’ போட்டு நிரப்பும் மொழிபெயர்ப்புகளில், வரையறையும் கட்டளைபோல் ஒலித்து உண்மையான கட்டளை கூட்டத்தில் காணாமல் போகிறது. மாநிலச் சட்டம் தமிழில் இயற்றப்பட்டாலும், 348ஆம் பிரிவின்படி ஆளுநரின் அதிகாரத்தோடு வெளியாகும் ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது. ஆகவே தமிழ் மட்டும் படிப்பவரின் உரிமையும் கடைசியில் இந்த ஆங்கிலத் துணைவினையில் போய் நிற்கிறது.

நீதிமன்றம்வரை போகாத கோடிக்கணக்கானோர் இதைச் சந்திப்பது வீட்டுக் கடன், நகைக் கடன், வாடகை, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பொடி எழுத்துகளில். அத்தகைய ஒரு கடன் பத்திரத்தை எடுத்து, ‘ஷல்’ வரும் இடங்களை ஒரு நிறத்திலும் ‘மே’ வரும் இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடிட்டுப் பாருங்கள். கடன் வாங்குபவர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ‘ஷல்’ வரும்: செலுத்த வேண்டும், தெரிவிக்க வேண்டும், ஈடு செய்ய வேண்டும். கொடுப்பவர் பெயருக்குப் பின்னால் ‘மே’: வட்டியை மாற்றலாம், தொகையை முன்கூட்டியே கேட்கலாம், தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம். கொடுப்பவரை எழுவாயாகக் கொண்ட ‘ஷல்’ எங்கேனும் இருந்தால் அந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். அதில் நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா, ‘முயலும்’, ‘இயன்றவரை’ போன்ற சொல் நடுவில் நுழைந்திருக்கிறதா, தவறினால் அவர் இழப்பது எதுவென்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, விடை கிடைக்காத இடத்தைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.